சுற்றுலா விசாவில் ஒரு குடித்தனம்

வேலையை விட்ட பிறகும் வாரத்துக்கு ஒரு நாள் நம் டிராவல்ஸ் கடைக்கு வந்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறேன். போன வாரம் வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவரிடம், "ஒண்ணும் ஆகாது சார், தைரியமா போய்ட்டு வாங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. அது என் வாக்கியம். முப்பத்தோரு வருஷம் இதே ராஜபாளையத்தில், இதே கவுண்டரில் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். என்னிடம் யாரோ கற்று, அவரிடம் நீங்கள் கற்றிருக்கிறீர்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

டிக்கெட் போடுவது, படிவம் ஏற்றுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாமல் போன ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் என் திமிர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தேவதானத்து விவசாயி ஒருவரின் மகள் நர்ஸ் வேலைக்கு மஸ்கட் புறப்பட்டாள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. விசாவில் வெறும் முதலெழுத்து. விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும் மகளும் விமான நிலையத்தில் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டு அழுகிறார்கள். மூன்று மணி நேரம் இருந்தது. மஸ்கட் ஆஸ்பத்திரியில் யார் யாரையோ பிடித்து, இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று ஒரு கடிதம் வாங்கி அனுப்பினேன். ஏறிப் போய்விட்டாள். மறுநாள் அவளுடைய அப்பா ஒரு சாக்கு மாங்காயோடு வந்து இறங்கினார். "அண்ணாச்சி கை வச்சாக் கடுதாசி நவுரும்" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். நானும் நம்பிவிட்டேன். காகிதத்தை நகர்த்தத் தெரிந்தால் போதும், காகிதத்துக்குப் பின்னால் இருக்கிற ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று நினைக்கத் தொடங்கினேன். இனி சொல்லப் போவது அந்த நினைப்பு என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம்.

வெர்னர் சுவிட்சர்லாந்துக்காரர். நூற்பு இயந்திரங்களை மில்லில் இறக்கி, பூட்டி, ஓட்டிக் காட்டும் ஃபிட்டர். நம் ஊர் மில்களுக்குப் புது மெஷின் வரும்போதெல்லாம் அவரும் கூட வருவார். நாலு மாதம், ஐந்து மாதம் தங்குவார். அவர் தமிழ் கற்றது மில் ஃபிட்டர்களிடம். அதனால் அவருடைய தமிழில் மரியாதைப் பன்மை கிடையாது. மில் மேனேஜரும் "ஏலே"தான், டீக்கடைக்காரரும் "ஏலே"தான், நானும் "ஏலே"தான். வெர்னர் என்ற பெயர் நம் ஆட்கள் வாயில் வருணன் ஆகிவிட்டது. "வருணன் வந்தாச்சு, மழையத்தான் காணோம்" என்று மில் வாசலில் கேலி நடக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருக்குக் குடும்பம் கிடையாது. ஓய்வு பெற்ற மறு மாதமே சுற்றுலா விசா ஒன்றை வாங்கிக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்து இறங்கிவிட்டார். வேலைக்கு வரும் காலங்களில் வாடகைக்கு இருந்த அதே மாடி வீடு. கீழ்வீட்டில் இருந்தவர் வீட்டின் சொந்தக்காரரான சண்முகத்தாயம்மாள். மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நின்று வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி, மார்கழி தையில் இளைப்பு ஆளைப் போட்டு வாட்டும். காலையில் வெர்னர் தன் டிவிஎஸ் வண்டியில் அந்த அம்மாளைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். சாயங்காலம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவார். வீட்டு வாசலில் குழாய் ஒழுகினால் தெருவுக்கே அவர்தான் குழாய்க்காரர்.

சுற்றுலா விசாவில் வந்தவர் ஒரே மூச்சில் ஆறு மாதம்வரை இருக்கலாம். ஆறாவது மாதம் முடியுமுன் நாட்டைவிட்டு வெளியே போய் வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அப்போது அப்படித்தான் நடந்தது. மதுரையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரத்துப் பறப்பு. போய் நாலைந்து நாள் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். எங்கள் கடையில் அதற்குக் 'கொழும்புச் சுற்று' என்று பெயர். ஒன்பது வருஷம் அந்தச் சுற்றுக்கு நான்தான் டிக்கெட் போட்டேன். வெளிநாட்டார் தங்கினால் வீட்டுக்காரர் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் அல்லவா, அந்தப் படிவத்தையும் ஒவ்வொரு முறையும் நான்தான் நிரப்பினேன். வீட்டு உரிமையாளர் சண்முகத்தாய், தங்குபவர் வாடகைதாரர். யாரையும் கேட்காமலே எழுதிவிடுவேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'கோயில்களும் மலையும் பார்த்தல்.'

அவர்கள் இரண்டு பேரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பது தெருவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம். அதை மரியாதை என்று நினைத்திருந்தோம். சண்முகத்தாயம்மாள் வெர்னரைப் பற்றிப் பேசும்போது பேர் சொல்லாமல் 'அவிய' என்றுதான் சொல்வார். நம் பக்கத்தில் ஒரு பெண் யாரை அவிய என்று சொல்வாள் என்பது குழந்தைக்கும் தெரியும். என் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு விதிகள் இறுகத் தொடங்கின. சுற்றுலா விசாவில் ஒரு வருஷத்தில் மொத்தம் இத்தனை நாள்தான் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். எங்களுக்குச் சுற்றறிக்கைகள் வந்தன. படித்தேன், கோப்பில் போட்டேன். பெரிய ஊர்களில்தான் இதெல்லாம் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். அதுவரை வெர்னர் தனியாகத்தான் வருவார். சண்முகத்தாயம்மாள் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், மடியில் கைப்பை.

"ஏலே, திருவண்ணாமலையில என் சினேகிதக்காரன திருப்பி அனுப்பிட்டான்" என்றார் வெர்னர்.

எனக்கு முதலில் புரியவில்லை. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையை நினைத்து, மலைப் பெருமாள் கோயிலில் யார் யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று முழித்தேன். அவர் சொன்னது வடக்கே இருக்கிற திருவண்ணாமலை. அங்கே பதினைந்து வருஷமாக இருந்த வெளிநாட்டு நண்பர் ஒருவர் கொழும்பு போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார். நீங்கள் சுற்றிப் பார்க்க வருகிறவர் இல்லை, இங்கே வாழ்கிறவர் என்று சொல்லி அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம்.

"எனக்குப் பத்தொம்போது நாள் இருக்கு. போவவா, வேண்டாமா?"

அன்றைக்குக் கடையில் கூட்டம். செட்டியார்பட்டியிலிருந்து ஒரு குடும்பமே சிங்கப்பூர் போகக் கிளம்பி வந்து நின்றிருந்தது. இரண்டு போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. நான் அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். முத்திரைகள். கொழும்பு, மதுரை, கொழும்பு, மதுரை. ஒன்பது வருஷம் ஒரே பாதையில் போய்வந்த முத்திரைகள். அந்தப் பக்கங்களை அதிகாரி ஒருவரின் கண்ணால் ஒரே ஒரு முறை பார்த்திருந்தாலே எனக்கு விளங்கியிருக்கும். சுற்றுலாப் பயணியின் பாஸ்போர்ட் அப்படி இருக்காது.

"ஒங்களுக்கு அப்படியெல்லாம் வராது வெர்னர் சார். ஒன்பது வருஷமா சுத்தமா இருக்கு ரிக்கார்டு. ஒண்ணும் ஆகாது, போய்ட்டு வாங்க" என்றேன்.

அப்போது சண்முகத்தாயம்மாள் எழுந்து கவுண்டருக்கு வந்தார். "அண்ணாச்சி, போவாமலே இருக்கதுக்கு வேற வழி ஏதும் இருக்கா? நாங்க ஒண்ணு கேக்கலாம்னு..."

போன் அடித்தது. விமானக் கம்பெனியிலிருந்து, சிங்கப்பூர்க் குடும்பத்துக்காக. ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு எடுத்தேன். ஒரு நிமிஷம் ஆறு நிமிஷம் ஆனது. நான் பேசி முடித்துத் திரும்பியபோது அந்த அம்மாள் பழையபடி பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னமோ கேட்டீங்களே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க சொன்னாச் சரி."

அவர் கேட்க வந்தது என்னவென்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். உங்களிடம் பொய் சொல்லி ஒரு பயனும் இல்லை. தெரிந்தது, கூச்சமாக இருந்தது. அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாளிடம், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, கல்யாணப் பேச்சை எடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. போன் வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.

வெர்னர் திரும்பி வர வேண்டிய நாளில் நானே காரை எடுத்துக்கொண்டு சண்முகத்தாயம்மாளோடு மதுரை போனேன். மனதுக்குள் ஏதோ குடைந்துகொண்டிருந்திருக்க வேண்டும். மற்றபடி நான் யாரையும் அழைத்துவரப் போனதில்லை. அந்த அம்மாள் தூக்குச்சட்டியில் புளியோதரையும் அவித்த முட்டையும் கொண்டு வந்திருந்தார். கொழும்பு விமானம் இறங்கிவிட்டது. ஆட்கள் வண்டி தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசி ஆளும் வந்து, அந்தக் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அரை மணி நேரம் போனது. பிறகு என் போன் அடித்தது.

"ஏலே, விட மாட்டேங்கான்."

"என்ன கேட்டாங்க சார்?"

"ராஜபாளையத்துல என்ன பாக்கப் போறன்னு கேட்டான். பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல, அங்கதான் என் வீடுன்னு சொன்னேன்."

அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். அதிகாரியும் தன் வேலையைத்தான் செய்திருந்தார். அந்த விதி கொடுமை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. சுற்றுலா விசா என்பது பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு. வெர்னர் அப்படிப்பட்டவர் இல்லை என்பதை அந்த அதிகாரி ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார். எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அவருக்குப் பொருந்தாத காகிதத்தையே மறுபடி மறுபடி கொடுத்துக்கொண்டிருந்தேன். பொருந்துகிற காகிதம் என்ன என்று யோசித்தால், நான் கூச்சப்பட்டு விட்ட அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

போனை அந்த அம்மாளிடம் கொடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ அவர், இந்தப் பக்கம் இவர். பார்த்துக்கொள்ள முடியாது. அழுவார் என்று நினைத்தேன். "ஒங்க மாத்திர எம்புட்டு நாளைக்கு இருக்கு?" என்று கேட்டார். வெர்னர் என்னவோ சொன்னார். "நான் இளைப்புக்குப் பம்பு அடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க சாப்பிட்டியளா? சரி. சரி." அவ்வளவுதான். போனை என்னிடம் நீட்டினார். மத்தியானம் அவரைத் திருப்பி ஏற்றிக்கொண்டு அந்த விமானம் கிளம்பியது. வெயிலில் நின்று பார்த்தோம்.

திரும்பும் வழியில் கல்லுப்பட்டியில் நிறுத்தி, "ஏதாச்சும் சாப்பிடுங்கம்மா" என்றேன். தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டிய பிறகு கேட்டார்.

"இனி என்ன செய்யணும் அண்ணாச்சி?"

எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்தில் முதல் முறையாக, தெரியாது என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். இந்தத் தொழிலில் எனக்கு ஆசிரியர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்வேன், அதுவும் ஒரே ஒரு அரை மணி நேரத்துக்காக. அடுத்த வாரம் சண்முகத்தாயம்மாளைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். நான் வழக்கம்போல் பாஸ்போர்ட் நகல், தேதிகள், விசா வகை என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. நாற்காலியை அந்த அம்மாளுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, அவர் ஒங்களுக்கு என்ன வேணும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. சண்முகத்தாயம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு தெளிவாகச் சொன்னார்.

"இருவது வருஷமா அவியளுக்குத்தான் சோறு பொங்குதேன். எனக்கு மூச்சு முட்டுனா மருந்து எடுத்துக் குடுக்கது அவிய. அதுக்கு என்ன பேரோ, அத எழுதிக்கிடுங்க."

வக்கீல் எழுதவில்லை. "பின்ன ஏன் பதிவு பண்ணிக்கிடல? பண்ணியிருந்தா இந்த விசாவே வேண்டாமே. பொஞ்சாதி இங்க இருக்காங்கன்னு வேற விசா கேட்டிருக்கலாமே?"

"எனக்கு முன்னமே கல்யாணம் ஆச்சு. முப்பது வருஷம் முன்ன பம்பாய்க்கு வேலைக்குப் போறேன்னு போனாரு. பொறவு ஒரு தாக்கலும் இல்ல. இருக்காரா செத்தாரான்னே தெரியல. புருசன் இருக்கும்போது இன்னொண்ணு பதிஞ்சா ஜெயில்ல போட்டுருவாவன்னு சொன்னாவ. அதான் அந்தப் பேச்சே எடுக்கல."

"யாரு சொன்னா?"

"மில்லுல சொன்னாவ."

வக்கீல் பேனாவை மேஜையில் வைத்தார். "ஏழு வருஷமா ஒரு தகவலும் இல்லன்னாலே கோர்ட்டுல கேக்கலாம்மா. இறந்ததாக் கருதலாம்னு தீர்ப்பு வாங்கலாம். இல்ல, விட்டுட்டுப் போயிட்டாருன்னு விவாகரத்து வாங்கலாம். நீங்க இருவது வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமே."

அந்த அம்மாள் வக்கீலைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஆச்சரியம்தான் இருந்தது.

நான் வக்கீலிடம் இன்னொன்றையும் கேட்டேன். அந்தப் பத்தொன்பது நாளில் ஏதாவது செய்திருக்க முடியுமா? அவர் யோசித்துச் சொன்னார்: "முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அவர் இங்க இருக்கும்போதே வழக்கைப் போட்டு, அதக் காட்டி, இந்த அம்மா ஒடம்பு நெலமையையும் காட்டி, கூடுதல் நாள் கேட்டிருக்கலாம். குடுத்திருப்பாங்களோ என்னவோ. உள்ள இருக்கவங்க கேக்கது வேற, வெளிய போனவங்க கேக்கது வேற."

பஸ்ஸில் வரும்போது என்னால் தாங்க முடியவில்லை. "ஏம்மா, இத்தன வருஷமா என்னைய ஒங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க கேக்கலியே அண்ணாச்சி. படிச்சவிய, பத்துப் பேரப் பாக்கவிய, நீங்களே கேக்கலன்னா, கேக்கக் கூடாத விசயம்னு இருந்துட்டேன்."

இதை நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நான் மரியாதை என்று எண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது, உங்கள் வாழ்க்கையைச் சொல்லவே கூடாது என்று நான் போட்ட தடையாகப் போயிருந்தது. நம்மிடம் வருகிறவர்கள் நமக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறார்கள். நாம் கேட்காமல் விடுகிற ஒவ்வொன்றையும் அவர்கள் ஒரு பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். கூச்சமாக இருந்தால் கவுண்டரை விட்டு எழுந்து வாருங்கள். பின்னறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திக் கேளுங்கள். போன் அடிக்கட்டும்.

வழக்குப் போட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாய்தா வாய்தாவாகப் போய்வந்தோம். பழைய புருஷனின் ஊரில் விசாரணை, செய்தித்தாளில் அறிவிப்பு, சாட்சிக்கு மில்லில் கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள். வெர்னர் சுவிட்சர்லாந்தில், அண்ணன் மகள் வீட்டில் ஒரு அறையில் இருந்தார். தினமும் வீடியோவில் பேசுவார்கள். இந்தப் பக்கம் சண்முகத்தாயம்மாள் அரிவாள்மனையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் வெர்னர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பல நாள் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு மணி நேரம் அப்படியே இருப்பார்களாம். வழக்கு ஒரு வருஷம் தாண்டியது. இரண்டாவது குளிர்காலத்தில் வெர்னர் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். முதியோர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். பிறகு அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

பழைய கல்யாணம் இனி இல்லை என்ற தீர்ப்பு அதற்கு மூன்று மாதம் கழித்து வந்தது. வக்கீல் அலுவலகத்தில் காகிதத்தை வாங்கியதும், சண்முகத்தாயம்மாள் அதைப் போன் முன்னால் தூக்கிப் பிடித்தார். வெர்னர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தமிழும் படிக்கத் தெரியாது, கோர்ட்டு ஆங்கிலமும் புரியாது. "நல்ல கடுதாசியா?" என்று கேட்டார். "நல்ல கடுதாசிதான்" என்றார் இவர். "ஏலே, டிக்கெட் போடு" என்று வெர்னர் என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். விமானத்தில் உட்காரக்கூட முடியாத உடம்பு அது. எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் வர முடியாது என்றால் இவர் போக வேண்டும். அறுபத்துமூன்று வயதில் சண்முகத்தாயம்மாளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தோம். இந்த முறை இவருக்கு வேண்டியிருந்தது சுற்றுலா விசா. வருமானமில்லாத வயதான பெண், சொத்து என்று ஒரு சின்ன வீடு, முன்னால் எங்கேயும் போனதில்லை. இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பழைய நான் என்றால் 'மலையும் ஏரியும் பார்த்தல்' என்று எழுதியிருப்பேன். இந்தத் தடவை சண்முகத்தாயம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். யார் இவர், அவர் யார், எத்தனை வருஷம், ஏன் பிரிந்தார்கள், அவர் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார். தீர்ப்பையும், அண்ணன் மகளின் அழைப்பையும், டாக்டரின் கடிதத்தையும் கூட வைத்தோம். ஒன்றரைப் பக்கம். என் தொழிலில் நான் எழுதிய ஒரே முழு உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

நாற்பத்தைந்து நாள் கொடுத்தார்கள்.

அங்கே போய்க் கல்யாணத்தைப் பதிவு செய்துவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. கேட்டுப் பார்த்தோம். காகிதங்களை மொழிபெயர்த்து, சரிபார்த்து, அனுமதி வருவதற்குள் நாற்பத்தைந்து நாள் ஓடிவிடும் என்றார்கள். அங்கேயும் நாள்தான் குறுக்கே நின்றது. ஒன்பது வருஷம் சும்மா கிடந்த நாட்கள்.

இவர் போய்ச் சேர்ந்து முப்பத்தைந்தாவது நாள் வெர்னர் இறந்துபோனார். சண்முகத்தாயம்மாள் கூடவே இருந்திருக்கிறார். அடக்கத்துக்கும் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அவரை அழைத்துவர மதுரைக்கு நான் போனேன். அண்ணன் மகள் கொடுத்த கம்பளிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, நம் ஊர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார். பெட்டியை வாங்கிக் காரில் வைத்தேன். திருமங்கலம் தாண்டினோம். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"அங்கன உள்ள நர்சுமாரு எல்லாம் என்னைய அவிய பொஞ்சாதின்னே சொன்னாவ அண்ணாச்சி. மொத நாளே கட்டிலுக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு கட்டில் போட்டுக் குடுத்துட்டாவ. ஒருத்தரும் கடுதாசி கேக்கல."

எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார் என்று தெரிந்தது. வாங்கிக்கொள்ள முடியவில்லை. "நான் அன்னிக்கு அந்தப் போன எடுத்திருக்கக் கூடாதும்மா" என்றேன். எத்தனையோ நாள் சொல்ல நினைத்தது, அன்றைக்குத்தான் வந்தது.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆமா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்றைக்கும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன். பொய்யாக மன்னித்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

பிறகு கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். எனக்கு எங்க போவ இருக்கு, நீங்களே வச்சுக்கிடுங்க என்றார். டீ குடிக்க நிறுத்திய இடத்தில், பழக்க தோஷம், தேதிகளைப் பார்த்தேன். கொடுத்திருந்த நாட்களில் இன்னும் நான்கு மிச்சம் இருந்தன.

"நாலு நாள் இருக்கே. அவரு இருந்த ஊருல இன்னும் கொஞ்சம் இருந்துட்டு வந்திருக்கலாமேம்மா?"

தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அவிய எப்பவும் கெடு முடியதுக்கு நாலு நாளுக்கு முன்னமே பொட்டியக் கட்டிருவாவ அண்ணாச்சி. விருந்தாளின்னு எழுதிக் குடுத்துட்டு வந்தவன் கடைசி நாள் வரைக்கும் உக்காந்திருந்தா மரியாத இல்லன்னு சொல்லுவாவ."